மயிர்க்கொட்டி மாரியைச் சொல்லுமா?

கமம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் சொந்தக்காரர், அங்கே மயிர்க்கொட்டியின் நிறத்தைப் பார்த்தே பனிக்காலம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள் என்கிறார். எங்கள் ஊரிலும் முருங்கையில் மயிர்க்கொட்டி முந்தி வந்தால் மாரி கனக்கும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இதை நம்பி, மழைக்கு முன் காய்ந்த மண்ணில் நெல் விதைக்கும் புழுதி விதைப்பைத் தொடங்கலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம். அவர் சொல்வது வட அமெரிக்காவில் உள்ள இசபெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு. உடலில் 13 வளையங்கள். இரு முனையும் கறுப்பு, நடுவே செம்பழுப்பு. பழுப்பு அகன்றிருந்தால் குளிர் குறைவு, கறுப்புக் கூடினால் கடுங்குளிர் என்பது நம்பிக்கை. 1948இல் நியூயோர்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் கரன் பழுப்பு வளையங்களை எண்ணி இதைச் சோதிக்கப் போனார். முதல் ஆண்டு அவர் கைக்கு அகப்பட்டவை 15 புழுக்கள். ஒரு காட்டுக்கு 15 புழு என்ன கணக்கு? ஆனால் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, நம்பிக்கை ஊரெல்லாம் பரவிவிட்டது. வட கரோலினாவில் பனர் எல்க் என்ற ஊரில் 1978 முதல் இந்தப் புழுக்களை நூலில் ஏறவிட்டுப் பந்தயமே வைக்கிறார்கள். வென்ற புழுவின் 13 வளையமும் பனிக்காலத்தின் 13 கிழமைகளாம்.

உண்மையில் அந்தப் புழு ஒவ்வொரு முறை தோல் கழற்றும்போதும் பழுப்புப் பட்டை அகலும். ஆகவே பட்டை காட்டுவது வயதை. ஈரமான இடத்தில் வளர்ந்த புழுவில் கறுப்புக் கூடுதலாக நிற்கும். இரண்டும் நடந்து முடிந்த காலத்தின் கணக்கு, வரப்போகும் குளிரின் கணக்கல்ல.

முருங்கை மயிர்க்கொட்டியும் அப்படித்தான். அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடக்கும். மழை நனைத்த பிறகு அந்துப்பூச்சி வெளிவந்து முட்டையிட, அதன்பிறகே புழு வரும். மயிர்க்கொட்டி முந்தி வந்ததென்றால் முதல் மழை முந்தி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த முதல் மழையை நம்புவதுதான் புழுதி விதைப்பில் ஆபத்து. ஒரு மழைக்கு நெல் முளைத்து, அடுத்தது பிந்தினால் நாற்று கருகிப்போகும். ஆகவே காணி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். தண்ணீர் தேங்கும் பள்ளக்காணியை முந்தி விதையுங்கள், பயிர் ஓரளவு எழும்பியபின் வெள்ளம் நின்றால் தாங்கும். மேட்டுக்காணிக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு முடிவெடுங்கள். மறுவிதைப்புக்குக் கொஞ்ச விதைநெல் மிச்சம் வையுங்கள்.

கேள்வி: எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை, அந்தி ஈசல் பூத்தால் அடைமழை. இவையும் பொய்தானா?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: முழுப் பொய் இல்லை. இவற்றின் கணக்கு மணித்தியாலத்தில், மாதத்தில் அல்ல. ஈசல் புற்றை விட்டுக் கிளம்ப மண் நனைந்திருக்க வேண்டும், காற்று ஓய்ந்து ஈரப்பதன் கூடியிருக்க வேண்டும். அதாவது ஒரு மழை ஏற்கெனவே விழுந்துவிட்டது. புரட்டாதி, ஐப்பசியில் பின்னேரத்து இடிமழை அடுத்தடுத்த நாளும் வருவது வழமை என்பதால் பழமொழி பலிக்கிறது. சித்திரை மழைக்கும் ஈசல் பறக்கும்; அதன்பின் வருவது சோளகக் காற்றும் வெயிலும்தான்.

எறும்பு கவ்விக்கொண்டு போவதைக் குனிந்து பாருங்கள். அரிசிமணி போல நீண்டிருந்தால் அது முட்டையல்ல, குடம்பியோ கூட்டுப்புழுவோ. கூட்டுக்குள் நீர் ஊறினாலும், வெயில் சுட்டாலும், மண்வெட்டி பட்டாலும் எறும்பு இடம் மாறும். ஒரே கூட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வளவில் நாலைந்து கூடுகள் ஒன்றாக மேட்டுக்கு ஏறினால், காயப்போட்ட நெல்லுக்குப் படங்கை எடுத்து வைப்பதில் நட்டமில்லை.

கேள்வி: மழையை வீட்டில் அளக்க வழி உண்டா?
– வாசகர், மாங்குளம்

பதில்: ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் போதும். பக்கங்கள் நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கியது உதவாது. தோள் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனலாகச் செருகுங்கள்; தண்ணீர் ஆவியாவதும் குறையும். அடியில் கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் மட்டம்வரை தண்ணீர் விட்டு, அங்கே சுழியம் குறியுங்கள். மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கீறுங்கள். மரத்தின் உயரத்தைப்போல இருமடங்கு தூரத்தில், காற்றில் விழாமல் நடுங்கள். தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதி, தண்ணீரைத் திரும்பவும் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். திணைக்களத்தின் நாளும் 8.30க்கே மாறுவதால் ஒப்பிடலாம். 25 மி.மீ. என்றால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஓர் இலட்சம் லீற்றர் தண்ணீர்.

கேள்வி: முருங்கையில் மயிர்க்கொட்டி மொய்த்துவிட்டது. பந்தம் கொளுத்தினால் மரம் பட்டுப்போகுமா?
– வாசகி, விசுவமடு

பதில்: பந்தத்தை ஓரிடத்தில் பிடித்து நின்றால் பட்டை வெந்துவிடும். அடிமரத்தில் அவை கும்பலாக ஒட்டியிருக்கும்போது, சுவாலை தொட்டும் தொடாமலும் விரைவாகத் தடவிக்கொண்டு போங்கள். கூரைக்கும் வேலிக்கும் கிட்ட வேண்டாம். காற்று முதுகுப்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் மயிர் முகத்துக்கு வரும். நீளக்கைச் சட்டை போடுங்கள். நெருப்பு வேண்டாமென்றால் மீன் எண்ணெய்ப் பிசின் சவர்க்காரம் ஒரு லீற்றருக்கு 25 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். அடுத்த முறை முதல் மழை பெய்த இரவுகளில் மரத்தடியில் விளக்கொன்றும், கீழே சவர்க்காரத் தண்ணீர்ச் சட்டியும் வைத்தால் அந்துப்பூச்சி முட்டையிட முன்பே விழும்.

மயிர் பட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணீரால் கழுவிக்கொண்டு உடனே ஆசுப்பத்திரிக்குப் போங்கள்.