பீட் சதுப்புக் குட்டை நீரில் டெஸ்மிட்கள் வெளுப்பது ஏன்?

வணக்கம். ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரி என்ற பீட் (மக்கிய தாவரப் படிவு) சதுப்புப் பகுதியின் குட்டையில் எடுத்த நீரில் குழாய்த் தண்ணீர் சேர்த்ததும் டெஸ்மிட் எனும் நுண்ணிய பச்சைப் பாசிகள் இரண்டே நாளில் வெளுத்துவிட்டன என்கிறீர்கள். பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் காரணம். அத்தகைய குட்டைகளில் பிஎச் (அமிலத்தன்மை அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 4 முதல் 5 வரைதான், கால்சியமும் மிகக் குறைவு. குழாய்நீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை முறித்துவிடும், குளோரின் வேறு. ஆவியாகிக் குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் ஊற்றுங்கள். நேர்வெயில் படாத குளிர்ந்த இடத்தில், 15 டிகிரி செல்சியஸ் அளவில், மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

அடுத்த முறை பாசி சேகரிக்க நுண்வலையை மட்டும் நம்பாதீர்கள். டெஸ்மிட்கள் கரையோர ஸ்பேக்னம் என்ற சதுப்புப் பாசத்துக்குள்தான் செறிந்திருக்கும்; ஒரு கைப்பிடியை மெல்லப் பிழிந்து புட்டியில் பிடித்துக்கொண்டு, ஸ்பேக்னத்தை அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.

பாசிகளை எண்ணுவதற்காக, அவற்றைக் கெடாமல் காக்கும் லூகால் கரைசல் (அயோடின் கரைசல்) இடும்போது, 'இளந்தேநீர் நிறம் வரும்வரை' என்ற வழக்கமான கணக்கு இங்கே ஏமாற்றும். நீரே அந்த நிறம்தான்! 100 மில்லிக்கு 1 மில்லி என அளந்து விடுங்கள்.