‘வைட்டமின்’ என்ற சொல் எப்படி வந்தது? கடைசிப் பாதி ‘மினரல்’ என்பதன் சுருக்கமா?

இல்லை. அந்தப் பாதி ‘அமீன்’, அதாவது நைட்ரஜன் உள்ள ஒருவகைக் கரிமச் சேர்மம். முன்பாதி ‘வீட்டா’, லத்தீனில் உயிர். தவிட்டிலிருந்து பெரிபெரி நோயைத் தடுக்கும் பொருளைப் பிரிக்க முயன்ற போலந்து உயிர்வேதியியலாளர் கசிமிர் ஃபங்க், 1912-இல் இரண்டையும் ஒட்டி ‘வைட்டமைன்’ என்றார். இத்தகைய சத்துகள் எல்லாமே அமீன்கள்தான் என்பது அவர் ஊகம்.

ஊகம் பொய்த்தது. பி1-இல் அமீன் உண்டு; ஏ, சி, டி ஆகியவற்றில் நைட்ரஜனே கிடையாது. ஆனால் பெயர் அதற்குள் பரவிவிட்டது. 1920-இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட் சாமர்த்தியமாக ஒரு வழி சொன்னார்: ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி ‘ஈ’யை மட்டும் வெட்டிவிடலாம். அமீன்களுக்கு உரிய விகுதி போய்விடும், சொல் பிழைத்துக்கொள்ளும். ஏ, பி, சி என்று எழுத்தால் அழைக்கலாம் என்றதும் அவரே. (‘கே’ மட்டும் இந்த வரிசையில் வந்ததல்ல, இரத்தம் உறைதலைக் குறிக்கும் ‘கோவாகுலேஷன்’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து.)

வெட்டுப்படாத பழைய வாலைப் பி1-இன் வேதிப்பெயரில் இன்றும் பார்க்கலாம்: தயமின் (ஆங்கிலத்தில் thiamine). ‘தயோ’ என்றால் கந்தகம். மீதி அதே அமீன். இங்கே அது பொருத்தம்தான்.

தமிழின் ‘உயிர்ச்சத்து’ ‘வீட்டா’வை வைத்துக்கொண்டு அமீனைத் தொடவே இல்லை. அதனால் திருத்த வேண்டிய தேவையும் வரவில்லை.