திராட்சை அடிச்சாம்பல் நோயும் ஜீன் நெட்வொர்க்கும்: கேள்வி பதில்

9 ஆர்என்ஏ மாதிரிகள் கையில் இருக்கின்றன. கோ-எக்ஸ்பிரஷன் நெட்வொர்க் (சேர்ந்து ஏறி இறங்கும் ஜீன்களை இணைக்கும் வலை) கட்டலாமா?

வேண்டாம். இந்த வலையைக் கட்டும் மென்பொருளான டபிள்யூஜிசிஎன்ஏ-வை எழுதியவர்களே 15 மாதிரிக்குக் கீழே போகாதீர்கள் என்கிறார்கள். 20 இருந்தால் நிம்மதி. 9 மாதிரியில் தற்செயலாகவே 0.8-க்கு மேல் ஒத்துப்போகும் (கோரிலேஷன்) ஜீன் ஜோடிகள் லட்சக்கணக்கில் வரும்.

புதிதாக மாதிரி எடுக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் பிளாஸ்மோபாரா விட்டிகோலா இலைத்துளை வழியாகத்தான் நுழையும், அதனால் வித்துக் கரைசலை இலையின் அடிப்புறத்தில் தெளியுங்கள். நுனியிலிருந்து எண்ணி எல்லாச் செடியிலும் அதே வரிசை இலை. ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் வெறும் தண்ணீர் தெளித்த இலையும் கட்டாயம். அது இல்லாமல் 6 மணி நேர மாதிரியை மதியமும் 12 மணி நேர மாதிரியை மாலையிலும் பறித்தால், கிடைக்கும் பெரிய தொகுதி (சேர்ந்து இயங்கும் ஜீன் கூட்டம்) நோயைச் சொல்லாது, பொழுதைத்தான் சொல்லும். பறித்தவுடன் திரவ நைட்ரஜனில் போடுங்கள். வெட்டுக்காயமே ஸ்டில்பீன் (திராட்சையின் தற்காப்பு வேதிப்பொருள்) ஜீன்களைக் கிளப்பிவிடும்.

பவர் (ஒத்துப்போகும் அளவை உயர்த்தும் அடுக்கு எண்) 30 வரை ஏற்றியும் ஸ்கேல்-ஃப்ரீ (சில ஜீன்களுக்கு மட்டும் ஏராளமான இணைப்பு உள்ள அமைப்பு) பொருத்தம் 0.8-ஐத் தொடவில்லையே?

ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். முதலில் மாதிரிகளைக் கிளஸ்டர் செய்து பாருங்கள்: இரண்டு ரகம் கலந்திருக்கும், அல்லது சீக்வென்சிங் பேட்ச் (ஒரே தடவையில் வரிசை படித்த மாதிரிகள்) பிரிந்து நிற்கும். பேட்ச் என்றால் திருத்துங்கள். பிரிவுக்குக் காரணம் நோயேதான் என்றால், சைன்டு நெட்வொர்க்கில் (ஒரே திசையில் மாறும் ஜீன்களை மட்டும் இணைப்பது) 20-க்குக் குறைவான மாதிரிக்குப் பவர் 18, 20–30-க்கு 16, 30–40-க்கு 14, அதற்கு மேல் 12. நோயில் மாறிய ஜீன்களை மட்டும் பொறுக்கி உள்ளே விட்டாலும் இதே கோளாறு வரும்.

ஸ்டில்பீன் சின்தேஸ் (ஸ்டில்பீனைத் தயாரிக்கும் என்சைம்) ஜீன்கள், மற்ற ஜீன்களை இயக்கும் எம்ஒய்பி14-உடன் ஒரே தொகுதியில் விழுந்திருக்கின்றன. புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. எம்ஒய்பி14, எம்ஒய்பி15 இரண்டும் அவற்றை இயக்குவது 2013-லேயே வெளியானது. நெட்வொர்க் ஒழுங்காக வந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: ஸ்டில்பீன் சின்தேஸ் குடும்பத்தின் பெரும்பகுதி 16-ஆம் குரோமோசோமில் அச்சடித்தாற்போல அடுத்தடுத்து இருக்கிறது. ஒரே ரீட் (சீக்வென்சரில் படித்த சிறு துண்டு) பல பிரதிகளில் பொருந்துவதால், அவற்றுக்கிடையே பொய்யான நெருக்கம் தெரியும். இப்படிப் பல இடங்களில் பொருந்தும் மல்டி-மேப் ரீட்களை நீக்கிவிட்டு மறுபடி எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்புள்ள ரகத்தில் ஆர்பிவி1 (இந்த நோய்க்கான எதிர்ப்பு ஜீன்) எங்குமே காணோம்.

எந்த ரெஃபரன்ஸ் ஜீனோமில் ரீட்களைப் பொருத்தி மேப் செய்தீர்கள்? 2007-இல் வெளியான பினோ நுவார் வழி ஜீனோம் என்றால், அதில் அந்த ஜீனே கிடையாது. மஸ்கடினியா ரோட்டண்டிஃபோலியா என்ற வேறு திராட்சை இனத்திலிருந்து வந்தது அது. அந்தப் பகுதியின் வரிசையை ரெஃபரன்ஸோடு சேர்த்துவிட்டு மேப்பிங்கைத் திரும்ப ஓட்டுங்கள்.