தொங்கும் பின்னும் தீரும் பேட்டரியும்

கேள்வி: நான்கு எலக்ட்ரானிக் சுவிட்சுகள் உள்ள சிடி4066 ஐசியில் இரண்டு சுவிட்சுகளை மட்டும் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆடியோ செலக்டர் செய்தேன். மீதிப் பின்களைச் சும்மா விட்டுவிட்டேன். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. ஐசி அருகே கையைக் கொண்டுபோனால் ஹம் கேட்கிறது. மீதிப் பின்களை என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் படத்தைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் சுவிட்சுகளைத் திறந்து மூடும் கன்ட்ரோல் பின்களில் 13, 5 இரண்டுக்கும் வயர் இருக்கிறது. 6, 12 இரண்டும் எதிலும் சேராமல் தொங்குகின்றன. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

4066 சிமாஸ் வகை ஐசி. சிமாஸ் இன்புட் கரன்ட் எடுப்பதே இல்லை எனலாம். அதனால் சுவர் வயரிங்கின் 50 ஹெர்ட்ஸும் உங்கள் விரலும் அதை ஆட்டிவைக்கும். வோல்டேஜ் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒருசேரப் பாதி திறந்து, சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு வழிவிடும். பேட்டரி அப்படித்தான் கரைகிறது. நான் தொழில் கற்றது 7400 வரிசை ஐசிகளில்; அவை சிமாஸ் அல்ல, டிடிஎல் என்ற பழைய வகை. அங்கே சும்மா விட்ட இன்புட் தானாக ஹை, அதாவது ஆன் நிலை, ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் என் முதல் 4066 இன்டர்காமிலும் கன்ட்ரோல் பின்னைத் தொங்கவிட்டு, ஹம் எங்கிருந்து வருகிறதென்று இரண்டு நாள் தேடினேன்.

6, 12 இரண்டையும் நேராக 7-க்கு, அதாவது கிரவுண்டுக்கு, சால்டர் செய்யுங்கள். சுவிட்ச் முனைகளான 8, 9, 10, 11 தொங்கினால் ஐசி கெடாது; ஆனாலும் அவற்றையும் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள், ஹம் பிடிக்காது. ஒரு முனையைச் சப்ளையிலும் மறுமுனையைக் கிரவுண்டிலும் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

படத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 13, 5 பின்களுக்கு டாகிள் சுவிட்ச் வழியாக 9 வோல்ட் கொடுக்கிறீர்கள். ஒன்றுக்குக் கொடுக்கும்போது மற்றதற்கு என்ன கிடைக்கிறது? ஒன்றும் இல்லை, அதுவும் தொங்குகிறது! பயன்படுத்தும் பின் என்பதால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. 13, 5 ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 100 கே ரெசிஸ்டர் போடுங்கள். ஹை ஆகும் பக்கத்தில் 90 மைக்ரோ ஆம்பியர் போகும், பாதகமில்லை.

முடித்ததும் 14-ஆம் பின்னுக்குப் போகும் சப்ளை வயரைப் பிரித்து, நடுவில் மல்டிமீட்டரை 200 மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஐசி அருகே கையைக் கொண்டுபோகும்போது எண் ஆடினால், எங்கோ ஒரு பின் இன்னும் தொங்குகிறது.