2 மீட்டர் ஃபோம் ஏரோபாட்டிக் விமானத்துக்கு 2,800 வெள்ளி கொடுக்கலாமா?

கேட்டவர் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக்காரர். சின்ன ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் பறக்கும் மாடல், நன்றாகவே ஓட்டுகிறார். இப்போது 2 மீட்டர் இறக்கையுள்ள மின்சார ஃபோம் ஏரோபாட்டிக் (வானில் வித்தை காட்டும்) விமானம் ஒன்றில் கண் வைத்திருக்கிறார். "ஃபோம்தானே, விழுந்தால் ஒட்டிக்கலாம்" என்று நண்பர் தைரியம் கொடுத்திருக்கிறாராம்.

வாங்கலாம். ஆனால் நண்பர் சொன்ன காரணத்துக்காக வாங்காதீர்கள்.

விழுந்தாலும் தாங்கும் என்று ஃபோமுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை சின்ன விமானங்கள். ஒரு கிலோ விமானம் குப்புற விழுந்தால் மூக்கு நசுங்கும், அவ்வளவுதான். கொதிக்கிற தண்ணீரை மெல்ல ஊற்றினால் நசுங்கிய இபிஓ (விமானம் செய்யும் ஃபோம்) மணிகள் ஒவ்வொன்றாக உப்பி மேலே வரும், மடிப்பு பாதி மறைந்துவிடும். மீதிக்கு சூப்பர் குளூ. இந்தப் பெரியது பேட்டரியோடு நாலு கிலோ பக்கம் வரும். அதே வேகத்தில் விழுந்தாலும் அடி நாலு மடங்கு. மோட்டாரைத் தாங்கும் பிளைவுட் பெட்டி ஃபோமோடு சேர்ந்து பிய்ந்து வரும், இறக்கைக்குள் போகும் கார்பன் குழாய் கீறல் விடும், பேட்டரி முன்னால் பாய்ந்து மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியை இடிக்கும். இடிபட்ட லைப்போ பேட்டரியை மறுபடி சார்ஜில் போடவே கூடாது, அதுவும் செலவுக் கணக்கில்தான் சேரும்.

பிறகு காசு எதற்கு? பறக்கிற அழகுக்கு. சின்ன விமானம் காற்றடித்தால் துள்ளும். நைஃப் எட்ஜில், அதாவது இறக்கை செங்குத்தாக நிற்கப் பக்கவாட்டில் போகும்போது, இடது கை மூச்சு விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும். பெரியது கோடு போட்டதுபோல் போகும். ஹாரியரில், அதாவது மூக்கைத் தூக்கி மெதுவாகப் போகும் வித்தையில், நடைவேகத்துக்கு இறக்கினாலும் இறக்கை அதிகம் ஆடாது. தூரத்தில் இருந்தாலும் வயிறா முதுகா என்று கண்ணுக்குத் தெரியும். ஹோவர் (மூக்கு வானம் பார்க்க அந்தரத்தில் நிற்பது) பழக இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இதே அளவில் பால்சா மரத்தில் செய்த விமானம் இன்னும் விறைப்பாக, இன்னும் சுத்தமாகப் பறக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் வெயிலில் அதன் மேலுறை தளர்ந்து சுருக்கம் விழுந்து, அயர்ன் பாக்ஸும் கையுமாக உட்கார வேண்டிவரும்.

பேட்டரிக் கணக்கைக் கடைக்காரர் சொல்லமாட்டார். 6எஸ் (ஆறு செல் தொடராக இணைத்த) 5,000 எம்ஏஎச் என்றால் 22.2 வோல்ட், 5 ஆம்பியர்-மணி, மொத்தம் 111 வாட்-மணி. 3டி ஆட்டத்தில் (ஹோவர், ஹாரியர் போன்ற வித்தைகளில்) சராசரியாக 1,000 வாட் இழுக்கும். அடியில் 20 சதவீதம் மிச்சம் வைத்தால் பறப்பது ஐந்து நிமிடம்தான். திரும்ப ஏற்ற ஒரு மணி நேரம். அதனால் மூன்று பேட்டரி இல்லாமல் திடலுக்குப் போவதே வீண். உங்கள் பழைய சின்ன சார்ஜர் 6எஸ்ஸை ஏற்காமலும் போகலாம், ஏற்றாலும் இன்னும் நேரம் எடுக்கும். 2,800-ஐ விமானத்தின் விலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திடல் விஷயம் உங்களுக்கே தெரியும், மூன்று பக்கமும் செம்பனை. மட்டையில் மாட்டினால் முள்ளே ஃபோமைச் சல்லடையாக்கிவிடும். உயர்ந்த மரமென்றால் குலை வெட்டுகிற அண்ணனின் நீளக் கம்பைத்தான் கூப்பிட வேண்டும். அந்த அரிவாளுக்கு உங்கள் விமானமும் ஒரு குலைதான். சாயங்காலம் பந்து விளையாட்டு, மத்தியானம் மழை. காலை ஏழு மணியை விட்டால் நேரமில்லை. 400 அடிக்கு மேல் ஏற்றாதீர்கள், சட்டமும் அதுதான். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து சுற்றி நிற்பார்கள். திராட்டில் குச்சியில் விரல் பட்டால் அந்தப் பெரிய காற்றாடி உடனே சுழலும். "தம்பி, என் முதுகுப் பக்கம் நில்லுடா" என்று சொல்லிவிட்டுப் பிறகு பேட்டரியைச் சொருகுங்கள். பறந்து முடிந்ததும் விமானத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். கருநிறம் பூசிய இடமெல்லாம் கொப்புளிக்கும்.

பணம் கொடுக்குமுன் கடையில் ஒன்று கேளுங்கள்: மோட்டார் தாங்கி, சக்கரக் கால், மூக்கு மூடி மூன்றும் தனியாகக் கிடைக்குமா? நம் திடல் புல்லில் முதலில் போவது சக்கரக் கால் பொருந்தும் இடம்தான். கிடைக்கும் என்றால் வாங்குங்கள். "ஆர்டர் போட்டுப் பார்க்கணும்" என்று இழுத்தால் ஒன்றரை மீட்டரில் ஒன்று எடுத்து, மிச்சக் காசுக்கு நல்ல சார்ஜரும் பேட்டரியும் வாங்கிக்கொள்ளுங்கள்.