கேமராவிலிருந்து கைப்பேசிக்குக் கம்பியின்றிப் படம் அனுப்புதல்: எது முடியும், எது முடியாது?

கேள்வி: குடும்ப நிகழ்ச்சிகளை 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமராவில் எடுக்கிறேன். படங்கள் அன்றைக்கே உறவினர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், கேமராவின் வைஃபை மூலம் கைப்பேசிக்கு மாற்ற முயல்கிறேன். இணைப்பு அடிக்கடி பாதியில் அறுந்துவிடுகிறது. வந்து சேரும் படங்களும் சில நேரம் மிகச் சிறியவையாக இருக்கின்றன. ஏறத்தாழ 300 படங்களை முழு அளவில் கம்பியின்றி அனுப்ப வழி உண்டா? வைஃபை வசதியுள்ள மெமரி கார்டு வாங்கினால் சிக்கல் தீருமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: அந்தக் கார்டை வாங்க வேண்டாம். 300 படங்களையும் முழு அளவில் வைஃபையில் அனுப்புவது முடியாத காரியம் அல்ல என்றாலும், அதற்காகச் செலவாகும் நேரமும் பேட்டரியும் வீண். இருபது முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து உடனே அனுப்புவதற்குத்தான் கேமராவின் கம்பியில்லா வசதி உண்மையில் பொருத்தமானது. அந்த அளவோடு நின்றால் அது நன்றாகவே உழைக்கும்.

இப்போதைய கேமராக்களில் பெரும்பாலும் இரண்டு கம்பியில்லாத் தொடர்புகள் சேர்ந்து இயங்குகின்றன. 2010-இல் புளூடூத் 4.0 உடன் வந்த குறைந்த மின்செலவு வகை புளூடூத், கைப்பேசியோடு எந்நேரமும் மெல்லிய தொடர்பைப் பேணிக்கொண்டிருக்கும்; கடிகாரத்தைச் சரிசெய்வதும், இருப்பிடத் தகவலைப் பெறுவதும், தேவைப்படும்போது வைஃபையை எழுப்பிவிடுவதும் அதன் வேலைகள். பெரிய கோப்புகளைச் சுமப்பது வைஃபை. அப்போது கேமராவே ஒரு சிறிய வைஃபை நிலையமாக மாறித் தன் பெயரில் ஒரு வலையமைப்பை உருவாக்குகிறது; கைப்பேசி அதில் போய் இணைகிறது. இணையம் இதில் எங்கும் இல்லை. கைப்பேசியில் டேட்டா தீர்ந்திருந்தாலும், சிக்னலே கிடைக்காத இடத்தில் நீங்கள் இருந்தாலும், படம் கேமராவிலிருந்து கைப்பேசிக்கு வந்துவிடும்.

படங்கள் சிறியவையாக வருவதற்குக் காரணமும் இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அந்த வகைப் புளூடூத்தின் அடிப்படை வேகம் நொடிக்கு 1 மெகாபிட். 10 மெகாபைட் ஜேபெக் (கேமரா சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான பட வடிவம்) படம் ஒன்று அதில் செல்வதற்கு, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 80 நொடிகள் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். ஆகவே தானாகவே படங்களை அனுப்பும் வசதிகள் பலவும் படத்தை 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கி அனுப்புகின்றன. 2016 முதல் நிக்கான் வழங்கிவரும் ஸ்னாப்பிரிட்ஜ் செயலியின் தானியங்கி அனுப்புதல் இந்த முறைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் படத்தின் அளவைத் தீர்மானிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அது தொடக்கத்திலேயே சிறிய அளவில் வைக்கப்பட்டிருப்பது உண்டு. 'அசல் அளவு' என்ற தேர்வு கேமரா மெனுவிலும் இருக்கலாம், செயலியிலும் இருக்கலாம் என்பதால் இரண்டிலும் பாருங்கள். சுருங்கிய படம் ஏறத்தாழ 1,620க்கு 1,080 பிக்சல் இருக்கும். கைப்பேசித் திரையில் பார்க்க அது தாராளம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற தரத்தில் அச்சிட்டால் ஐந்தரை அங்குல அகலத்தைக்கூட எட்டாது. அதே கேமராவின் முழுப்படம் 6,000க்கு 4,000 பிக்சல். 20 அங்குல அகலம் வரை அதே தரத்தில் அச்சிடலாம். யாருக்கு எது தேவை என்பதை இதைக் கொண்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். உறவினர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கைப்பேசியைத் தாண்டிப் படத்தைப் பார்க்கப்போவதில்லை என்பது என் கணிப்பு.

இனி, இணைப்பு அறுந்துபோகும் சிக்கல். பழி பெரும்பாலும் கேமராவின் மேல் விழுகிறது. காரணம் பெரும்பாலும் கைப்பேசியில் இருக்கிறது. கேமரா உருவாக்கும் வலையமைப்பில் இணையம் இல்லை என்று மேலே சொன்னேன். கைப்பேசியோ, வைஃபை என்றாலே இணையம் என்று எதிர்பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இணைந்த சில நொடிகளில் அது இணையம் கிடைக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறது. கிடைக்கவில்லை என்றால், நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு, மொபைல் டேட்டாவுக்கோ, ஏற்கெனவே அறிந்த வேறொரு வைஃபைக்கோ தாவிவிடுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'இந்த வலையமைப்பில் இணையம் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?' என்ற பொருளில் ஓர் அறிவிப்பு தோன்றி மறையும். அதைக் கவனித்து 'ஆம்' என்று சொல்ல வேண்டும். அதோடு, வைஃபை பலவீனமாக இருந்தால் மொபைல் டேட்டாவுக்குத் தானாக மாறும் அமைப்பு இருந்தால் அதை அணைத்துவையுங்கள். படம் மாறும் நேரத்துக்கு மட்டும் மொபைல் டேட்டாவையே நிறுத்திவைப்பது இன்னும் எளிய வழி. விபிஎன் செயலி ஏதேனும் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். எல்லாப் போக்குவரத்தையும் தன் வழியே திருப்பும் விபிஎன், பக்கத்திலிருக்கும் கேமராவைக்கூடச் செயலியின் கண்ணில் படாமல் செய்துவிடலாம்.

அடுத்தது அனுமதிகள். ஐஃபோனில் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், உள்ளூர் வலையமைப்பிலுள்ள சாதனங்களை அணுக ஒவ்வொரு செயலியும் தனி அனுமதி பெற வேண்டியிருக்கிறது. முதல்முறை கேட்கும்போது அவசரத்தில் மறுத்துவிட்டால், பிறகு கேமரா வைஃபையில் இணைந்திருந்தும் செயலி 'கேமரா இல்லை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் சுற்றியுள்ள வைஃபையையும் புளூடூத்தையும் தேடுவதற்கு இருப்பிட அனுமதி தேவைப்பட்டது. புதிய பதிப்புகளில் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும் வசதியிலிருந்து கேமரா செயலிக்கு விலக்கு கொடுப்பதும் அவசியம். அந்த விலக்கு இல்லாவிட்டால், பட மாற்றம் ஓடும்போது நீங்கள் ஓர் அழைப்பை எடுத்தாலே எல்லாம் நின்றுபோகக்கூடும்.

பலரும் முதல் நாளே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேமராவைக் கைப்பேசியின் புளூடூத் அமைப்புக்குள் போய், காதொலிக் கருவியை இணைப்பதுபோல் நேரடியாக இணைக்கக் கூடாது. கேமரா நிறுவனத்தின் செயலியைத் திறந்து, அதற்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். தவறான வழியில் இணைத்திருந்தால், கைப்பேசியின் புளூடூத் பட்டியலிலிருந்து கேமராவை நீக்குங்கள். கேமராவின் மெனுவிலிருந்தும் கைப்பேசியின் பதிவை நீக்குங்கள். பிறகு செயலி வழியாகத் தொடக்கத்திலிருந்து செய்யுங்கள். ஒருபக்கம் மட்டும் நீக்கினால் மறுபக்கம் பழைய இணைப்பையே நம்பிக்கொண்டிருக்கும். கைப்பேசியை மாற்றியவர்களும், கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தவர்களும் இதே சிக்கலில் மாட்டிக்கொள்வது வழக்கம்.

கேமராவின் பக்கத்தில் பார்க்க வேண்டியவை குறைவு. விமானப் பயன்முறை அணைந்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் தானாக அணையும் நேரத்தைக் கூட்டிவைக்க வேண்டும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். வைஃபை அதை வேகமாகவே உறிஞ்சும். கூட்டம் நிறைந்த அரங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நூறு கைப்பேசிகள் நெரிசலிட்டுக்கொண்டிருக்கும். உங்கள் கேமராவில் 5 கிகாஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கருவிகளையும் ஒரு மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, அரங்கின் ஓரமாகப் போய் அனுப்புங்கள்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகும் 300 படங்கள் என்னும் எண்ணிக்கை கனமானதுதான். ஒரு ஜேபெக் 10 மெகாபைட் என்றால் மொத்தம் 3,000 மெகாபைட். கேமரா வைஃபையில் நொடிக்கு 3 மெகாபைட் சீராகக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1,000 நொடிகள், அதாவது 17 நிமிடங்கள் ஆகும். ரா கோப்புகளாக (கேமரா பதிந்த தகவலை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைத்திருப்பவை) இருந்தால் அதைப்போல மூன்று மடங்கு. மேலும், ரா கோப்புகளைக் கைப்பேசிக்கு அனுப்பவே பல கேமராக்கள் அனுமதிப்பதில்லை. கைப்பேசியின் சார்ஜிங் துளையில் செருகும் சிறிய கார்டு ரீடர் ஒன்று இதே 3,000 மெகாபைட்டை ஓரிரு நிமிடங்களில் இறக்கிவிடும். பரவலாகப் புழங்கும் யுஎச்எஸ்-1 வகைக் கார்டுகளின் உச்ச வேகம் நொடிக்கு 104 மெகாபைட். கைப்பேசியின் யுஎஸ்பி அதைவிட மெதுவானதாக இருந்தால்கூட வைஃபையைவிடப் பல மடங்கு முந்தும். காணொளிகளுக்கும் இதுவே வழி. 4கே காணொளியை வைஃபையில் இழுக்க முயல்வது பொறுமைக்கு வைக்கும் சோதனை.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் இடைவேளையில் கேமராவின் பின்திரையிலேயே படங்களைப் புரட்டி, நல்லவற்றுக்கு மட்டும் அனுப்பும் குறியிடுங்கள். மெனுவில் இதற்கு 'அனுப்பத் தேர்ந்தெடு' என்பது போன்ற பெயர் இருக்கும். கைப்பேசியில் செயலியைத் திறந்து தேடுவதைவிட இது விரைவானது, ஏனெனில் செயலி ஒவ்வொரு படத்தின் சிறு உருவையும் வைஃபை வழியாக ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டிய பிறகுதான் உங்களால் தேர்ந்தெடுக்கவே முடியும். குறியிட்டவற்றை 2 மெகாபிக்சல் அளவில் அனுப்பிவிடுங்கள். மீதி முழுவதையும் வீட்டுக்கு வந்த பிறகு கார்டு ரீடரில் மாற்றிக்கொள்ளலாம். ரா கோப்பில் மட்டும் எடுக்கும் பழக்கம் இருந்தால் ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதியும்படி வையுங்கள். மறந்துவிட்டால், ராவைக் கேமராவுக்குள்ளேயே ஜேபெக்காக மாற்றும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது.

வைஃபை மெமரி கார்டுகளை வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கேமராவில் வைஃபை இல்லாத காலத்துக்கு அவை நல்ல விடையாக இருந்தன. ஐ-ஃபை கார்டுகளும், 2012-இல் வந்த தோஷிபாவின் ஃபிளாஷ்ஏர் கார்டுகளும் அப்படிப் பெயர் பெற்றவை. ஐ-ஃபை தன் பழைய கார்டுகளுக்கான ஆதரவை 2016-இல் நிறுத்திக்கொண்டது. ஃபிளாஷ்ஏர் உற்பத்தியும் நின்றுவிட்டது. பழைய சரக்காகக் கிடைத்தாலும் அதற்கான செயலி உங்கள் கைப்பேசியில் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. உங்கள் கேமராவிலோ வைஃபை ஏற்கெனவே இருக்கிறது.

எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறையில் நேரடியாக ஒரு சர்வருக்குப் படம் அனுப்பும் வசதி உயர்நிலைக் கேமராக்களில் உண்டு. விளையாட்டுப் போட்டிகளின் செய்திப் படக்காரர்கள் அதை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள். உங்கள் தேவைக்கு அது மிகை. எப்போதாவது பயன்படுத்த நேர்ந்தால், கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் பழைய எஃப்டிபியைத் தவிர்த்து, குறியாக்கம் உள்ள எஃப்டிபிஎஸ் அல்லது எஸ்எஃப்டிபியைத் தேர்ந்தெடுங்கள். பொது இடத்து வைஃபையில் கேமராவை இணைக்காதீர்கள்.

படங்கள் கைப்பேசிக்கு வந்த பின் காணாமல் போனதாகத் தோன்றினால், கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள். கேலரி பெரும்பாலும் படங்களை எடுத்த தேதிப்படி அடுக்குகிறது; கேமராவின் ஆண்டு தவறாக இருந்தால், இன்று எடுத்த படங்கள் என்றோ எடுத்த படங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கும். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் தேர்வு செயலியில் இருந்தால் அதை இயக்கிவையுங்கள்.

உறவினர்களுக்கு அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மேலும் சுருங்கும். 2023-இல் வந்த எச்டி தேர்வு ஓரளவு கைகொடுக்கும். அச்சிட விரும்புகிறவருக்கு முழு அளவுப் படத்தை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். கோப்பு மாறாமல் போகும். மாறாமல் போகிறது என்பதில் ஒரு விளைவும் உண்டு: கேமரா செயலி உங்கள் கைப்பேசியின் இருப்பிடத்தைப் படத்துக்குள் எழுதியிருந்தால் அதுவும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது, ஆவணமாக அனுப்பும்போது தங்கிவிடுகிறது. வீட்டில் எடுத்த குழந்தைகளின் படங்களைப் பெரிய குழுக்களில் ஆவணமாகப் பகிர்வதாக இருந்தால், கேமரா செயலியில் இருப்பிடத்தை இணைக்கும் தேர்வைப் படம் எடுப்பதற்கு முன்பே அணைத்துவிடுங்கள்; எடுத்து முடித்தவற்றில் கேலரியின் படத் தகவல் பகுதிக்குச் சென்று இருப்பிடத்தை நீக்கிய பிறகு அனுப்புங்கள்.