டாக்டர் அம்மா பதில்கள்: டெங்கி இல்லாத காய்ச்சல்

கேள்வி: எனக்கு வயது 26. பிறையில் தொழிற்சாலை வேலை. ஒரு மாதத்துக்கு முன்பு ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். இரண்டு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, நெஞ்சில் சிவப்புத் தடிப்பு. கிளினிக்கில் டெங்கி இல்லை என்றார்கள். அந்த வாரமே கிட் வாங்கி எச்.ஐ.வி. பார்த்தேன், ஒரு கோடுதான் வந்தது. இப்போது காய்ச்சலும் இல்லை. இனி பயமில்லைதானே?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, அந்த ஒற்றைக் கோட்டை நம்பி இருந்துவிடாதீர்கள். வீட்டில் பார்க்கும் கிட் கிருமியைத் தேடுவதில்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது சேர வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மூன்று மாதம்கூட. நீங்கள் பார்த்தது இரண்டாவது வாரத்தில்.

காய்ச்சல் விட்டதையும் கணக்கில் எடுக்காதீர்கள். தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்கு இப்படித்தான் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு, வாய்ப்புண், கழுத்தில் நெறி கட்டுதல் எல்லாம் வந்து, தானாகவே போய்விடும். 2003-இல் புக்கிட் மெர்தாஜாமில் நான் கிளினிக் வைத்திருந்தபோது ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். சட்டைப் பித்தானைக் கழற்றிக் காட்டினார்; நெஞ்செல்லாம் தடிப்பு, உதட்டுக்கு உள்ளே இரண்டு புண். டெங்கி இல்லை என்று தெரிந்ததும் பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டேன். பக்கத்தில் மனைவி இருந்தார் என்று, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. ஆறு வருடம் கழித்து காசநோயோடு, எலும்பும் தோலுமாக வந்தார். அந்த இரண்டு புண்ணும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

உங்களுக்கு வந்தது சாதாரண வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அரசாங்க சுகாதார கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், உறவு கொண்ட தேதியைச் சொல்லி எச்.ஐ.வி. பரிசோதனை கேளுங்கள். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் சோதனை கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும். அதனால் 18 முதல் 45 நாளுக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். இல்லை என்று வந்தாலும் மூன்றாம் மாதம் ஒருமுறை பாருங்கள். உறவு மூலம் தொற்றும் இன்னொரு நோயான சிபிலிஸுக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள், அதிலும் தடிப்பு வரும்.

அதுவரை ஆணுறை கட்டாயம். தொற்று புதிதாக இருக்கும்போதுதான் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். பரிசோதனை இலவசமாக நடந்துவிடும் என்று கோயில் ரத்த தான முகாமுக்குப் போய்விடாதீர்கள். அது இன்னொருவர் உடம்புக்குள் போகும் ரத்தம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: சந்தேகமான உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போனால், 28 நாள் மாத்திரையால் தொற்றைத் தடுக்க வழி இருக்கிறது. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது, தம்பி.

சரி, தொற்று உறுதியானால்? முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திருந்தோம். இப்போது உடனே மாத்திரை தொடங்குகிறோம். மலேசியர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் முதல்நிலை மருந்து இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டால், பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருக்கும்வரை உறவு மூலம் யாருக்கும் தொற்றாது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு.

ஷிப்ட்டைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாமல், இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.